மாங்குளத்தில் எத்தனை மணிக்கு இறங்குவீர்கள்? வன்னிக்குள் தனியே போகும் பெண்ணுக்கு ரயில், பஸ், ஓட்டோ, ஸ்கூட்டி

இலங்கையின் வடக்கில் உள்ள வன்னிக்குப் போகிற பயணம் எதுவும் இரண்டு துண்டாகத்தான் இருக்கும். முதல் துண்டு பெரிய றோட்டு: கொழும்பிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி, பரந்தன் வரைக்கும். இரண்டாவது துண்டு அந்தச் சந்தியிலிருந்து உள்ளே: ஒட்டுசுட்டானுக்கு, நெடுங்கேணிக்கு, விசுவமடுவுக்கு, துணுக்காய்க்கு, பூநகரிக்கு. தனியாகப் போகிற பெண்கள் பெரும்பாலும் முதல் துண்டுக்குத்தான் கவனமாகத் திட்டம் போடுவார்கள். எந்த பஸ், எந்த சீற், யார் பக்கத்தில் என்றெல்லாம் பார்த்துப் பார்த்து முடிவெடுப்பார்கள். இரண்டாவது துண்டை "அங்க போய்ப் பார்ப்பம்" என்று விட்டுவிடுவார்கள். வன்னியில் ஆபத்து இருக்கிறது அந்தக் கடைசி ஐந்து, பத்து கிலோமீற்றரில்தான். வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கும், தெருவிளக்கு இல்லாத இடங்கள் அதிகம், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஆள் இருக்காது.

அதனால் வாகனத்தைத் தெரிவு செய்ய முதல் இறங்குகிற நேரத்தை முடிவு செய்யுங்கள். கார்த்திகை, மார்கழியில் வன்னியில் பின்னேரம் 5.50 அளவில் பொழுது பட்டுவிடும். ஆடியில் 6.35 வரை வெளிச்சம் இருக்கும். மழைக்காலத்தில் முகில் மூடினால் இதற்கு அரை மணி முதலே இருட்டு. ஆகவே சந்தியில் இறங்குவது மாரியில் பிற்பகல் 3.30க்குள், கோடையில் 4.30க்குள் என்று வைத்தால், உள் பஸ் ஒன்று தவறினாலும் அடுத்ததைப் பிடிக்க இடம் இருக்கும். இந்தக் கணக்குக்குள் வராத வாகனம் எவ்வளவு சொகுசாக இருந்தாலும் தள்ளி வையுங்கள்.

கொழும்பிலிருந்து வருகிறவர்களுக்கு மூன்று வழி: பகல் ரயில், பகல் பஸ், இரவு சொகுசு பஸ். இவற்றில் எங்கள் தெரிவு பகல் ரயில். முற்பதிவு செய்த சீற், எழுந்து நடக்க இடம், மலசலகூடம், பக்கத்தில் இருப்பவர் சரியில்லை என்றால் வேறு பெட்டிக்கு மாற வழி, பின்னால் கார்ட். இவையெல்லாம் ஒன்றாக பஸ்ஸில் கிடைக்காது. குறை என்னவென்றால் எல்லா ரயிலும் எல்லா ஸ்ரேசனிலும் நிற்காது. வவுனியா, கிளிநொச்சியில் நிற்பது புளியங்குளத்திலோ முறிகண்டியிலோ நிற்காமல் போகலாம். ரிக்கற் எடுக்கும்போதே இறங்கும் ஸ்ரேசனின் பெயரைச் சொல்லி "இந்த ரயில் அங்க நிக்குமோ" என்று கேளுங்கள். வடக்குப் பாதை ஒற்றைத் தண்டவாளம். எதிரே வருகிற ரயிலுக்கு வழிவிட்டு நின்றாலே நேரம் பிந்தும். திருத்த வேலைக்காகவும் பாதை நிறுத்தப்படுவதுண்டு. 2024இல் மாகோவுக்கும் அநுராதபுரத்துக்கும் இடையில் அப்படி நிறுத்தினார்கள். புறப்பட முதல் நாள் ஸ்ரேசனுக்கே அழைத்து ஓடுகிறதா என்று கேட்பது நல்லது. வவுனியாவில் இறங்கி பஸ் எடுப்பதானால் ஸ்ரேசனும் பஸ் ஸ்ராண்டும் ஒரே இடத்தில் இல்லை, பழைய ஸ்ராண்ட், புதிய ஸ்ராண்ட் என்று இரண்டு வேறு என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பஸ் எதிலிருந்து புறப்படும் என்று ஊரில் இருப்பவரிடம் முதலே கேட்டு வைத்தால் பையோடு அலைய வேண்டி வராது.

இரவு சொகுசு பஸ்ஸைப் பலரும் விரும்பக் காரணம் உண்டு. ஒரு நாள் லீவு மிஞ்சும், ஏசி, சாய்கிற சீற். பஸ்ஸுக்குள் இருக்கும்வரை பெரிய பிரச்சினையும் இல்லை. புக் பண்ணும்போதே "பக்கத்தில லேடிஸ் இருக்கிற சீற் தாங்கோ" என்று சொன்னால் பெரும்பாலும் ஒழுங்கு செய்வார்கள். ஏறிய பிறகு கேட்டால் கஷ்டம். பிரச்சினை இறங்கும்போதுதான். பின்னேரம் கொழும்பை விட்ட பஸ் வன்னிக்குள் வருவது விடியப்புறம் இரண்டுக்கும் ஐந்துக்கும் இடையில். யாழ்ப்பாணம் போகிறவருக்கு அது விடிகிற நேரம். மாங்குளத்தில் இறங்குகிறவருக்கு அது நடுச்சாமம். கடைகள் பூட்டியிருக்கும், ஓட்டோத் தரிப்பிடத்தில் ஒன்று நிற்கலாம், நிற்காமலும் விடலாம். அந்த நேரத்தில் நிற்கிற ஒரே ஒரு ஓட்டோவில் ஏறுவதைத் தவிர வேறு தெரிவு இல்லாமல் போவதுதான் இதில் உள்ள ஆபத்து.

இரவு பஸ்ஸில்தான் வரவேண்டும் என்றால் இரண்டு வழி. ஒன்று, கூட்டிக்கொண்டு போக வீட்டார் வந்து நிற்கிறார்கள் என்று உறுதியான பிறகு இறங்குவது. வவுனியா தாண்டும்போது அழைத்து "வெளிக்கிட்டாச்சோ" என்று கேளுங்கள். மாங்குளம் அங்கிருந்து 45 கிலோமீற்றர் அளவில், இரவில் பஸ்ஸுக்கு முக்கால் மணித்தியாலம் பிடிக்கும். மற்றது, உங்கள் சந்தியைத் தாண்டி ஆள் நடமாட்டமுள்ள இடத்துக்குப் போய், விடிந்த பிறகு திரும்பி வருவது. மாங்குளத்துக்குப் போகிறவர் கிளிநொச்சி வரை ரிக்கற் எடுத்து, அங்கே மாவட்ட வைத்தியசாலை வாசலில் வெளிச்சத்தில் இருந்துவிட்டு முதல் பஸ்ஸில் திரும்பலாம். கொஞ்சக் காசு கூடும். வைத்தியசாலை வாசலில் இரவிரவாக ஆள் இருக்கும், காவலாளி இருப்பார், ஒரு பெண் அங்கே இருப்பதை யாரும் விசித்திரமாகப் பார்க்கமாட்டார்கள். பூட்டிய கடை விறாந்தையில் நிற்பதைவிட இது எவ்வளவோ மேல்.

சாதாரண பஸ்ஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். வன்னிக்குள் நாளாந்தம் போய்வருகிற ஆசிரியைகள், தாதியர், கந்தோர் பிள்ளைகள், ஆடைத்தொழிற்சாலைப் பிள்ளைகள் எல்லோருக்கும் அதுதான் வாகனம். இ.போ.ச.வா (இலங்கைப் போக்குவரத்துச் சபையின் அரச பஸ்) தனியாரா என்று கேட்டால், ஊருக்குள் போகும் தடங்களில் இ.போ.ச.வை நம்பலாம் என்போம். ரிக்கற் கிடைக்கும். அதில் திகதியும் நேரமும் இருக்கும், பிறகு முறைப்பாடு செய்தால் அதுவே ஆதாரம். ஆள் சேரவில்லை என்று பாதி வழியில் திருப்புவதும் குறைவு. தனியார் பஸ் அடிக்கடி ஓடும், கைகாட்டின இடத்தில் நிற்கும், ஆனால் ஆள் சேர்க்க மணிக்கணக்கில் நிற்கவும் கூடும், கடைசி ஓட்டத்தை விட்டுவிடவும் கூடும். எதுவானாலும் ஒரு விதி: கடைசி பஸ் என்று ஊரார் சொல்லும் பஸ்ஸை இல்லையென்றே எண்ணுங்கள். அதற்கு முந்தின பஸ்தான் உங்கள் கடைசி பஸ். ஞாயிறும் போயா நாளும் கடைசி ஓட்டம் விடுபடுவது வழமை.

பஸ்ஸுக்குள் சீற் தெரிவு செய்வதிலும் விஷயம் இருக்கிறது. ஒரு பக்கம் மூவர், மறுபக்கம் இருவர் இருக்கிற பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தால் நிற்பவர்களின் இடி படாது. ஆனால் பக்கத்தில் வந்து இருப்பவன் ஆகாதவன் என்றால் எழுந்து வர வழி அடைபட்டுவிடும். நடைபாதை ஓரம் இருந்தால் எழுந்து வரலாம், ஆனால் நெரிசலில் தோளோடு தோளாக வந்து சாய்கிறவர்கள் இருப்பார்கள். தனியாகப் போகிற பெண்ணுக்கு இருவர் சீற்றில், ஏற்கெனவே ஒரு பெண் இருக்கும் இடமே நல்லது. அது கிடைக்காவிட்டால் முன் கதவுக்குப் பின்னே இரண்டாவது, மூன்றாவது வரிசையில் நடைபாதை ஓரம் இருங்கள். சாரதியின் கண்ணாடியில் தெரிகிற இடம் அது. பையை மடியில் வைக்காமல், பக்கத்தவருக்கும் உங்களுக்கும் நடுவில் நிமிர்த்தி வைத்து முழங்கையால் அணைத்துக்கொள்ளுங்கள். பின் வரிசை வேண்டாம். நிற்க வேண்டி வந்தால் பெண்கள் நிற்கும் இடத்தோடு சேர்ந்து, முதுகை சீற் ஓரத்துக்குக் கொடுத்து நில்லுங்கள்.

இடிக்கிறவனை எப்படி நிறுத்துவது? ஊசி குத்துவது அந்த நிமிடத்துக்கு உதவும், ஆனால் அவன் அடுத்த சீற்றுக்குப் போவான். வேலை செய்கிற வழி, சத்தமாக, கொண்டக்டரை விளித்து, ஆளை அடையாளம் காட்டிச் சொல்வது: "அண்ணை, இந்த நீலச் சேட் போட்டவர் மேல வந்து இடிக்கிறார், தள்ளி நிக்கச் சொல்லுங்கோ." மூன்று காரணத்துக்காக இது பலன் தரும். முறையிடுவது அவனிடம் இல்லை, பஸ்ஸுக்குப் பொறுப்பானவரிடம். சேட்டின் நிறத்தைச் சொன்னதும் எல்லாக் கண்ணும் அவன்மேல் விழும். "அண்ணை" என்று உறவு சொல்லிக் கூப்பிட்ட பிறகு கொண்டக்டருக்கு விலகி நிற்க இயலாது. "என்ன செய்யிறீர்" என்று அவனையே கேட்டால் அவன் உங்களைத்தான் சண்டைக்காரி ஆக்குவான். அதற்கும் அடங்காவிட்டால் அடுத்த பொலிஸ் நிலையத்தில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லுங்கள். வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பெரிய றோட்டான ஏ9இல் ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம், கிளிநொச்சி என்று பொலிஸ் நிலையங்கள் வரிசையாக இருக்கின்றன. பொது வாகனத்தில் செய்யும் பாலியல் தொந்தரவு தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்படி குற்றம். 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு வந்தது அது, ஐந்து வருடம் வரை சிறை உண்டு. இந்தச் சட்டம் இருக்கும்போதும், ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் இலங்கையில் செய்த ஆய்வில் பஸ்ஸிலும் ரயிலிலும் தொந்தரவுக்கு ஆளானதாகச் சொன்ன பெண்கள் 90 வீதம், பொலிஸிடம் போனவர்கள் 4 வீதம். சட்டத்தைத் தெரிந்தவர்கள் கூட வாயைத் திறக்காமல் இறங்கிப் போகிறார்கள் என்பது மனத்தை வருத்துகிற விஷயம்.

இனி சந்தியிலிருந்து உள்ளே. இங்கே தெரிவு ஓட்டோ, உள் பஸ், தெரிந்தவரின் மோட்டச்சைக்கிள், சொந்த ஸ்கூட்டி. வெளிச்சம் இருக்கும்வரை உள் பஸ்ஸுக்கு நிகர் எதுவும் இல்லை. அதில் போகிறவர்கள் எல்லாம் அந்த ஊர்க்காரர். "ஆற்றை வீட்டுக்குப் பிள்ளை போறீர்" என்று யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்வி சிலருக்குத் தொல்லையாகத் தெரியும். ஆனால் இன்னாருடைய வீட்டுக்கு வந்த பிள்ளை என்று ஊருக்குத் தெரிந்துவிட்டால் அது ஒரு காவல். கேட்பவர் பெண்ணாக, வயதானவராக இருந்தால் உண்மையைச் சொல்லுங்கள். தனியே நிற்கிற இளம் ஆண் கேட்டால் "அண்ணா கூட்டிக்கொண்டு போக வாறார்" என்ற ஒரு பதில் போதும்.

ஓட்டோவில் போவதானால், ஓடிக்கொண்டிருப்பதை மறித்து ஏறாமல் தரிப்பிடத்தில் நிற்பதைப் பிடியுங்கள். தரிப்பிடத்தில் ஒருவரை ஒருவர் தெரியும், வரிசை உண்டு, யார் யாரை ஏற்றிப் போனார் என்று மற்றவர் பார்த்திருப்பார். அதைவிட நல்லது, நீங்கள் போகும் வீட்டாரிடமே "உங்கட ஊர் ஓட்டோக்காரர் ஒருவரை அனுப்புங்கோ" என்று கேட்பது. அவருக்கு நாளைக்கும் அதே ஊரில் முகம் காட்ட வேண்டும். ஏற முதல் செய்ய வேண்டியது: காசைப் பேசி முடியுங்கள், "போகும்போது பார்ப்பம்" என்றால் வேண்டாம். பின் இலக்கத் தகட்டைப் படமெடுத்து அனுப்புங்கள். பிறகு சாரதிக்குக் கேட்கும்படி அழைத்து, "ஏறிட்டன், மாங்குளத்தில இருந்து வாறன், இன்னும் இருபது நிமிசத்தில சந்திக்கு வந்து நில்லுங்கோ" என்று சொல்லுங்கள். எதிர் முனையில் யாரும் எடுக்காவிட்டாலும் பேசுங்கள். ஓட்டோவின் வலப்பக்கம் கம்பியால் அடைபட்டிருக்கும், இறங்க இடப்பக்கம்தான் வழி. அதனால் இடப்பக்கம் இருந்து, பையை உள்ளே வலப்பக்கம் தள்ளி வையுங்கள். இன்னொரு ஆணை வழியில் ஏற்றப் பார்த்தால் "நான் தனி ஹயர் பேசினனான்" என்று சொல்லி மறுக்கலாம். அதற்கும் கேட்காமல் ஏற்றினால், வீடோ கடையோ இருக்கும் இடத்தில் இறங்கிவிடுங்கள், காடு தொடங்க முதல். செயலியில் ஓட்டோ பிடித்துப் பழகியவர்கள் வன்னியின் உள்பக்கத்தில் அதை நம்பிப் புறப்பட வேண்டாம்.

தெரிந்தவரின் மோட்டச்சைக்கிளில் ஏறுவதில் கவனிக்க வேண்டியது ஒன்று: தெரிந்தவர் என்பது யாருக்குத் தெரிந்தவர்? உங்கள் வீட்டாருக்கு நேரே தெரிந்தவரா, அல்லது "அவரின் தம்பிட சிநேகிதன்" என்ற மாதிரியா? இரண்டாவது என்றால் வேண்டாம்.

சொந்த ஸ்கூட்டி வன்னியில் பெண்களின் வாழ்க்கையை மாற்றியிருக்கிறது. பகலில், பழகிய றோட்டில், அதைவிட நல்ல தெரிவு இல்லை; யாரையும் காத்து நிற்கத் தேவையில்லை. ஆனால் இருட்டிய பிறகு அது பஸ்ஸைவிட ஆபத்து. அதற்குக் காரணம் ஆட்கள் மட்டும் இல்லை. கட்டாக்காலி மாடுகள் மழைக்காலத்தில் தார் றோட்டில் படுத்திருக்கும், ஸ்கூட்டியின் சின்ன லைற்றில் கறுத்த மாடு தெரியும்போது பிரேக் பிடிக்க நேரம் இருக்காது. நெடுங்கேணி, ஒட்டுசுட்டான், மடுப் பக்கங்களில் பொழுதுபட்டால் யானை றோட்டுக்கு வரும். யானையைக் கண்டால் ஹோர்ன் அடிக்காமல், லைற்றை அடித்து அடித்துக் காட்டாமல், தூரத்திலேயே நிறுத்தித் திருப்புங்கள். கிரவல் றோட்டில் முன் பிரேக்கை மட்டும் பிடித்தால் சறுக்கும். பஞ்சராவது விடத்தல் முள்ளால். காட்டு றோட்டில் அது நடந்தால் தள்ளிக்கொண்டு போக ஆறேழு கிலோமீற்றர் இருக்கலாம். ரியூப்லெஸ் ரயர் என்றால் முள்ளைப் பிடுங்காமல் ஓடுங்கள், காற்று மெதுவாகத்தான் இறங்கும், ஊர்மனை வரை போய்ச் சேரலாம். ரியூப் ரயர் உள்ளவர்கள் பெரிய றோட்டால் போங்கள், குறுக்குப் பாதை வேண்டாம். தாங்கி பாதிக்குக் கீழே இருக்கும்போது உள்றோட்டுக்குத் திரும்பாதீர்கள், பெற்றோல் செட் எல்லாச் சந்தியிலும் இல்லை. சோல் (துப்பட்டா) போட்டிருந்தால் அதைக் கழுத்தில் சுற்றி முன்னால் முடிந்து, முடிச்சை ஜக்கெற்றுக்குள் விடுங்கள். பின்னால் தொங்கும் சோல் சில்லில் சிக்கினால் கழுத்தை இழுத்துவிடும்.

யாராவது மோட்டச்சைக்கிளில் பின்தொடர்கிறான் என்று தோன்றினால் வீட்டுக்குத் திரும்பாதீர்கள். வேகம் கூட்டவும் வேண்டாம். கோயில், கடை, பாடசாலை வாசல், எங்கே ஆள் நிற்கிறதோ அங்கே நிறுத்தி, தலைக்கவசத்தைக் கழற்றி, அங்கே நிற்பவரோடு கதையுங்கள். அவன் தாண்டிப் போனாலும் பத்து நிமிடம் நின்று, வீட்டில் ஒருவரை எதிரே வரச் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.

நாளாந்தம் போய்வருகிறவர்களுக்கு மாத வாடகை வான் ஒரு நல்ல வழி. ஒரே பாடசாலை, ஒரே கந்தோர்ப் பக்கம் போகும் ஏழெட்டுப் பேர் சேர்ந்தால் ஆளுக்குத் தாங்கக்கூடிய காசு வரும். கடைசியாக இறங்குகிறவர் தனியே மிஞ்சுவதுதான் அதில் உள்ள பிழை. வழியை மாற்றி, கடைசியில் இரண்டு பேர் ஒன்றாக இறங்கும்படி முதல் நாளே பேசி வையுங்கள்.

எந்த வாகனமானாலும் மலசலகூடத்துக்காகப் பற்றைக்குள் இறங்க வேண்டாம். மறைவுக்குப் போகிற இடத்தில் தனிமை ஒரு ஆபத்து, இன்னொன்று கண்ணிவெடி. பெருமளவு அகற்றியாகிவிட்டது, ஆனாலும் முகமாலைப் பக்கத்திலும் முல்லைத்தீவின் சில இடங்களிலும் வேலை நீண்டுகொண்டே வந்திருக்கிறது. சிவப்பு மண்டையோட்டுப் பலகை, எச்சரிக்கை நாடா கண்டால் உள்ளே காலடி வைக்காதீர்கள். ஏ9இல் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் வாகனங்கள் நிற்பது வழமை, அங்கே போய்விட்டு வரலாம். உள்றோட்டில் பெற்றோல் செட், வைத்தியசாலை, இல்லாவிட்டால் பெண்கள் முற்றத்தில் நிற்கிற ஒரு வீட்டில் கேளுங்கள். வன்னியில் அதற்கு இல்லை என்று சொல்லமாட்டார்கள்.

திருவிழாக்காலம் இந்தக் கணக்கையெல்லாம் கொஞ்சம் மாற்றும். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் வைகாசிப் பொங்கலுக்கும், ஆவணி 15 மடு மாதா திருவிழாவுக்கும் இரவிரவாக வாகனம் ஓடும், தனிமை என்பதே இருக்காது. அங்கே தொல்லை நெரிசலில் கை போடுகிறவர்களும் சங்கிலி அறுக்கிறவர்களும்தான். நகையைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

போனைப் பற்றி: வட்ஸ்அப்பில் நேரடி இடத்தை எட்டு மணித்தியாலம் வரை பகிரலாம், ஆனால் மாங்குளம்–முல்லைத்தீவு றோட்டிலும் மன்னார்–பூநகரி றோட்டிலும் காடு வருகிற இடங்களில் சிக்னல் விட்டுவிட்டு வரும். இடம் நகராமல் நின்றால் வீட்டார் பயந்துபோவார்கள். ஆகவே சந்திக்குச் சந்தி குறுஞ்செய்தி அனுப்புங்கள்: "ஒட்டுசுட்டான் தாண்டிட்டன்". டேற்றா இல்லாத இடத்திலும் அது போய்ச் சேரும். அடுத்த செய்தி எத்தனை மணிக்குள் வராவிட்டால் யாரை அழைப்பது என்பதையும் வீட்டில் சொல்லி வையுங்கள். பொலிஸ் அவசர இலக்கம் 119, அம்புலன்ஸ் 1990, பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, பஸ் பற்றிய முறைப்பாட்டுக்கு 1955. இவற்றைப் போனில் மட்டும் வைக்காமல் ஒரு துண்டில் எழுதிச் சோதனைச்சாவடியில் காட்டும் அடையாள அட்டையோடு வையுங்கள். சோதனைச்சாவடியில் உடற்சோதனை என்றால் ஒரு பெண்ணை இன்னொரு பெண்தான் சோதிக்க வேண்டும் என்பது சட்டம். பெண் பொலிஸ் வரும்வரை காத்திருக்கிறேன் என்று தன்மையாகச் சொல்லலாம்.

முறைப்பாடு செய்யப் போனால் பெண்கள், சிறுவர் பிரிவைக் கேளுங்கள், தமிழிலேயே சொல்லுங்கள். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லி, விளங்கிய பிறகு கையெழுத்திடுங்கள். விளங்காத மொழியில் எழுதிய தாளில் கையெழுத்து வேண்டாம். முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

திரும்பி வரும் பயணத்தைப் போகும்போதே கேட்டு வையுங்கள். உள் ஊர்களிலிருந்து முதல் பஸ் விடிய முதல் புறப்படும். அந்த பஸ் பெரும்பாலும் இரவு ஊரிலேயே தரித்து நிற்கும். தரிப்பிடத்தில் இருட்டுக்குள் தனியே போய்க் காத்து நிற்பதைவிட, பஸ் எந்த வீட்டடியில் நிற்கிறது, சாரதி எத்தனை மணிக்கு எஞ்சினைத் தட்டுவார் என்று முதல் நாள் பின்னேரமே விசாரித்து, அந்த வீட்டு அம்மாவிடம் "நாளைக்கு விடிய உங்கட விறாந்தையில கொஞ்ச நேரம் இருக்கிறன்" என்று சொல்லி வையுங்கள். எஞ்சின் சத்தம் கேட்டதும் எழுந்து போய் ஏறலாம்.